பிரேக் பேடில் நகப்பூச்சு

ஸ்டெப்னி மாற்றத் தெரிந்தவள் என்பதால்
அது சுலபமாக முடிந்தது.
ஞாயிற்றுக்கிழமை, தெருவில் ஆளில்லை.
ஆல்டோவின் இடப்பக்க முன்சக்கரத்தைக் கழற்றி
பிரேக் பேடின் இரும்புக் காதில்
ஒரு பொட்டு நகப்பூச்சு வைத்தேன்.
அடர்சிவப்பு. தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கியதில் மிச்சம்.
காய்வதற்குள் தூறல் வந்துவிட்டது.
பேடுக்குக் குடை பிடித்துக்கொண்டு
நான் நனைந்து நின்றேன்.
எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து
பஞ்சரா என்றார்.
ஆமாம் என்றேன்.

சந்தேகம் எனக்குப் பிறவிக்குணம் இல்லை.
மேட்டுப்பாளையத்தில் ஒருவர்
பழைய பேடையே உப்புத்தாளில் தேய்த்து மாட்டிவிட்டுப்
புதுசுக்குப் பில் போட்டார்.
பில்லின் தலையில் முருகன் துணை.
குஞ்சப்பனை அருகே ஒரு வளைவில் மிதித்தேன்.
இரும்பை இரும்பு அறுக்கும் சத்தம் வந்தது,
வண்டி நிற்கவில்லை.
ஓரக்கல் ஒன்றுதான் நிறுத்தியது.
அந்தக் கல்லுக்கு இன்றுவரை கூலி தரவில்லை.

பெள்ளியின் பட்டறை டானிங்டன் இறக்கத்தில்.
அதிகம் பேசமாட்டார்,
வணக்கத்தைக்கூட என் முகத்துக்கு அல்ல,
ஹெட்லைட்டுக்குத்தான் சொல்வார்.
பேடு மாத்தணும் என்றேன்.
சாயந்திரம் வாங்க என்றார்.

சாயந்திரம் மஞ்சு இறங்கி
பட்டறையின் பல்பு மட்டும் மிதந்துகொண்டிருந்தது.
பழையதைச் செய்தித்தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார்.
பிரித்தேன்.
சூட்டில் கருத்துப்போய் ஓரத்தில் மட்டும்
நகத்தளவு சிவப்பு.
என்னுடைய சிவப்பு.
நிம்மதியாக இருந்தது, கூடவே காது சுட்டது,
அந்தப் பக்கம் மேலே தெரியும்படி பார்த்துத்தான்
அவர் மடித்திருந்தார்.

'புதுசுலயும் வச்சிட்டேன் மேடம்.
அடுத்த தடவ நீங்க சக்கரம் கழட்ட வேண்டாம்.'

கிரீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில்
சந்தையில் இருபது ரூபாய்க்கு விற்கிற
ரோஸ் நிறப் புட்டி ஒன்று, மூடி சரியாக மூடாமல்.
கோபமா கேலியா என்று
அவர் முகத்தில் தேடினேன்.
ஸ்பேனர் துடைத்துக்கொண்டிருந்தார்.
கூலியில் ஐம்பது குறைக்கச் சொல்வது என் வழக்கம்.
அன்று வாய் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து
நான் வேலை பார்க்கிற லேபுக்கு வந்தார், சர்க்கரை பார்க்க.
கைரேகை முழுக்க எந்த சோப்புக்கும் மசியாத கறுப்பு.
ரத்தக் குழாயில் நான் சீட்டு ஒட்டும்போது
நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

'பேரு சரியா இருக்குங்களா?
போன வருசம் ஊட்டியில
வேற யாரோ ஒரு பெள்ளியோட சர்க்கரைக்கு
மூணு மாசம் நான் மாத்திர தின்னேன்.'

பேனாவை அவரிடமே கொடுத்தேன்.
தகப்பன் ஜோகி பேர், ஹட்டி பேர் எல்லாம் சேர்த்து
அந்தச் சின்னச் சீட்டில்
போல்ட் முறுக்குவதுபோல் அழுத்தி எழுதினார்.
திருப்பித் தரும்முன் இன்னொரு முறை படித்தார்.

நேற்று இரவு அதே குஞ்சப்பனை இறக்கம்.
பலாப்பழக் காலம்.
வளைவு திரும்பியதும் ரோட்டை அடைத்து ஒரு பாறை.
வால் அசைந்த பிறகுதான்
பாறையில்லை என்று தெரிந்தது.
மிதித்தேன்.
நின்றது.

விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
இருட்டில் பழம் பிளக்கும் சத்தம்,
பிறகு நிதானமாக மெல்லும் சத்தம்,
பிறகு இன்னொரு பழம்.
அவசரமே இல்லை அதற்கு.
நடுங்கினாலும் காலைப் பெடலிலிருந்து எடுக்கவில்லை.
சக்கரத்துக்குள் எங்கோ
எனக்குப் பிடிக்காத அந்த ரோஸில்
ஒரு பொட்டு இருக்கிறது,
இருப்பதாகப் பெள்ளி சொன்னார்.
நான் கழற்றிப் பார்க்கவில்லை.